லட்சுமி படம் போட்ட உறை

பதுளைக் கடைவீதியில் என் மனைவியின் அண்ணனுக்கு ஒரு கடை இருந்தது. முன்பக்கம் துணி, பின்பக்கம் கிராமபோனும் அதற்கான தட்டுகளும். அந்தக் கடையில் ஒரு தட்டைப் போடச் சொல்லிக் காதால் கேட்டு வாங்கியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எல்லோரும் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினார்கள். இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள், தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் அந்த வாசலில் நின்றிருக்க மாட்டார்கள்.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. தட்டுகள் கொழும்பிலிருந்து பண்டாரவளை வரை ரயிலில் வரும். பிறகு மாட்டுவண்டியில், வைக்கோலுக்கு நடுவில். ஒவ்வொன்றும் பழுப்புக் காகித உறைக்குள் இருக்கும். உறையின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியே தட்டில் ஒட்டிய சீட்டு தெரியும். பாடியவர் பெயர், பாட்டின் முதல் அடி, ராகம் எல்லாம் அந்தச் சீட்டில் அச்சாகியிருக்கும். வாங்க வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பொடி எழுத்தைக் குனிந்து படிப்பது கௌரவக் குறைச்சல்.

மைத்துனர் துணி வியாபாரத்தில் வளர்ந்தவர். மில் துணிக் கட்டுகளில் ஒட்டி வரும், டிக்கெட்டு எனப்படும் வண்ணப் படங்களின் மகிமை அவருக்குத் தெரியும். சீமையில் எவனோ அச்சடித்த கிருஷ்ணன் படத்துக்காகவே வேட்டி வாங்கி, படத்தை உரித்துச் சுவரில் ஒட்டிப் பூ வைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. துணி இரண்டாம் பட்சம், டிக்கெட்டுதான் விற்கிறது என்பார். அதே யோசனையைத் தட்டுகளுக்கும் கொண்டுவந்தார். கொழும்பில் ஓர் அச்சகத்தில் கடைப் பெயரைப் போட்டுச் சொந்தமாக உறைகள் அடித்து, பழுப்பு உறைகளைக் கழற்றிவிட்டு, தட்டுகளை இவற்றில் போட்டு அடுக்கினார்.

மஞ்சள் உறையில் வேலோடு முருகன். அதற்குள் பக்திப் பாட்டு. சிவப்பு உறையில் பாதி தூக்கிய திரையும், மீசை முறுக்கிய ஒரு ராஜாவும். அதற்குள் நாடகப் பாட்டு. நீல உறையில் வீணையோடு உட்கார்ந்த ஒரு சீமாட்டி. அதற்குள் கச்சேரிப் பாட்டு. மஞ்சளைக் கங்காணிமார் வீட்டுப் பெண்கள் வாங்கினார்கள். சிவப்பைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் இளவட்டங்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்கி, பாட்டுப் பெட்டி வைத்திருக்கும் பெரிய கங்காணி வீட்டில் போடச் சொல்லி முற்றத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். நீலம் எங்களுக்கு. எங்களுக்கு என்றால் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் குமாஸ்தாக்கள், தபால் கந்தோர்க்காரர், வக்கீல் வேலை பார்க்கும் புரொக்டர்மார், ஆஸ்பத்திரியில் மருந்து தரும் அப்போதிக்கரி. நீல உறைத் தட்டுகளை நாங்கள் கேட்டோம் என்று சொல்ல மாட்டேன். வைத்திருந்தோம். வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படும்படி பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். கௌரவமான ஓர் அரசாங்க உத்தியோகத்தர் மைத்துனரின் காதருகே குனிந்து, “ஒரு செவப்பு குடுங்க. நீலத்துல போட்டுக் குடுங்க” என்றதை நானே கேட்டிருக்கிறேன். அவர் என் மேலதிகாரி.

மஞ்சள் உறையில் ஒரு சிக்கல் வந்தது. முதல் தடவை அடித்தபோது நடு ஓட்டை முருகனின் வயிற்றில் விழுந்துவிட்டது. பெரகலப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கங்காணி மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏங்க மொதலாளி, சாமி வயித்துல ஓட்டையப் போட்டு விக்கிறீங்களே, நீங்க வெளங்குவீங்களா?”

மைத்துனர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சாமி படம் போட்ட உறைகளில் முன்பக்கம் ஓட்டை கிடையாது. பின்பக்கம் மட்டும் சின்னதாக ஒன்று. அதுவும் நாளடைவில் போய்விட்டது. பின்பக்கத்தில் கடை விளம்பரத்துக்கு இடம் போதவில்லை. ஆக, சாமி உறைக்குள் என்ன இருக்கிறது என்பது சாமிக்கும் மைத்துனருக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாயிற்று.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். அந்த உறைகளில் ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேடிக்கையாக இல்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி மாதம் ஒருமுறை கடைக்கு வருவாள். நடு வயது, உயரமான உடம்பு, யாருக்கும் அடங்காத வாய். அந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தால்தான் செத்தவர் ஒழுங்காகச் செத்ததாகக் கணக்கு. ஊரார் சாவுக்கெல்லாம் அழுத அவளுக்குத் தன் தாய் சாவுக்கு அழக் கொடுத்து வைக்கவில்லை. திருச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தாய் இறந்து, கருமாதியும் முடிந்த பிறகுதான், ஆள் சேர்க்கப் போயிருந்த ஒரு கங்காணி திரும்பி வந்து செய்தியைச் சொன்னான். செய்தியோடு நிறுத்தியிருக்கலாம். பிணத்தைத் தூக்கும்போது ஊர்ப் பெண்கள், பெற்றதே ஒரு மகள், அவளும் வந்து அழவில்லை, அழ ஆளில்லாத பிணம் என்று பேசிக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னான்.

அந்தப் பேச்சுதான் அவளைக் குடைந்தது. அவர்கள் பக்கத்து வழக்கப்படி, மகள் பிந்தி வந்தாலும் தாய் வீட்டு வாசலிலேயே தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, அண்ணன் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தால் பேச்சு அடங்கிவிடும். அதற்காகப் போய்வர லீவு வேண்டும் என்று கடையில் வைத்து என்னிடம் கேட்டாள். கச்சேரி ஐயா நினைத்தால் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லீவு கச்சேரியின் அதிகாரத்தில் இல்லை, தோட்டத்துத் துரையின் அதிகாரத்தில் இருக்கிறது என்று விளக்கினேன். முதலில் கங்காணி, அவர் வழியாகப் பெரிய கங்காணி, அவர் வழியாகக் கணக்கப்பிள்ளை, அவர் வழியாகத் துரை. திரும்பி வரும்போது நோய்த்தடுப்புக்காக மண்டபம் முகாமில் அடைபட்டிருக்க வேண்டிய நாட்களையும் லீவில் சேர்த்துக் கேட்க வேண்டும். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“இம்புட்டுப் பேரத் தாண்டிப் போறதுக்கு, நீந்தியே போயிருவேங்க” என்றாள்.

ஆனாலும் ஒழுங்குப்படியே போனாள். கொழுந்து நிறைய வரும் பருவம், பருவம் முடியட்டும் என்று மேலேயிருந்து பதில் வந்தது. துரை கெட்டவர் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் அதே பதிலைத்தான் எல்லோருக்கும் சொல்வார். நடைமுறை என்பது அதுதானே.

அந்தச் சமயத்தில் கொழும்பு ஏஜென்டிடமிருந்து மைத்துனருக்குத் தகவல் வந்தது. பாட்டுப் பதிகிற வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்திருக்கிறார்கள். மதராஸ் பாட்டே போட்டால் எப்படி, தோட்டத்துச் சனங்கள் வாங்கும்படி அவர்கள் பாட்டிலேயே ஒன்று கொண்டுவர முடியுமா என்று. மைத்துனருக்கு உடனே அவள் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் தாலாட்டு, மறு பக்கம் கும்மி பாடச் சொன்னார். தாலாட்டுக்கு அவள் சம்மதித்தாள். கும்மி முடியாது என்றாள். மறு பக்கம் தன் தாய்க்கு ஒப்பாரி. தட்டு வந்ததும் தனக்கு ஒன்று. அதை ஊருக்கு அனுப்பி, தாய் வீட்டு வாசலில் பெட்டி வைத்துப் போட வேண்டும். மகள் அழவில்லை என்று பேசிய வாய்கள் வந்து கேட்க வேண்டும்.

“நான் போக முடியல. என் கொரலாவது போகட்டுங்க மொதலாளி.”

சாவுப் பாட்டை எவன் வாங்குவான் என்று மைத்துனர் தயங்கினார். ஏஜென்டு அவசரப்படுத்தினார். மைத்துனர் ஒப்புக்கொண்டார்.

இந்தத் தடவை துரையிடம் லீவு கேட்டது கொழும்பிலிருந்த வெள்ளைக்காரர். ஒரு துண்டுக் காகிதத்தில் கேட்டார். பருவம் அப்படியேதான் இருந்தது, கொழுந்தும் செடியில்தான் இருந்தது. ஆனால் லீவு மறு தபாலில் வந்துவிட்டது. தாய் செத்ததற்குக் கிடைக்காத லீவு தாய் செத்ததைப் பாடுவதற்குக் கிடைத்தது. என் உத்தியோக காலம் முழுவதும் விதிகளோடு வாழ்ந்தவன் நான். இதற்கு எந்த விதியின் கீழ் இடம் இருக்கிறது என்று இன்னும் தேடுகிறேன்.

இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று மைத்துனர் என்னையும் அழைத்தார். பெண் துணைக்கு என் மனைவி வந்தாள். கொழும்பில் ஒரு கிடங்கின் மாடி. சுவரெல்லாம் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு தடுப்பிலிருந்து தகரக் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நீட்டியிருந்தது. அதற்குள் பாட வேண்டும். அந்தப் பக்கம் மெழுகில் பதியும்.

தாலாட்டு ஒரே தடவையில் முடிந்தது. ஒப்பாரி வரவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளக் கூடாது, அடித்தால் ஊசி துள்ளும் என்றார் வெள்ளைக்காரர். உட்காரவும் கூடாது. அவள் குழாயின் முன் நின்று, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதப் பாத்து எப்புடிங்க அழுவறது? புடிச்சுக்க ஒரு ஆளு வேணுமுல்ல?”

ஒப்பாரி ஒருத்தி தனியாக எடுப்பதில்லை. தோளோடு தோள் கட்டிக்கொண்டு எடுப்பது. நான் இதை வெள்ளைக்காரருக்கு எப்படி இங்கிலீஷில் சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, என் மனைவி எழுந்து போய் அவள் தோளில் கை போட்டாள். என் மனைவி பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். தோட்டத்துப் பெண்ணைத் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. என் மனைவியின் தாயும் ராமநாதபுரம் பக்கத்து ஊரில்தான் இறந்தாள். நாங்களும் போகவில்லை. தபால் வந்தது, தலை முழுகினோம், மறுநாள் கடையும் கச்சேரியும் திறந்தன.

பெண்கள் இருவரும் குழாயின் முன் சேர்ந்து நின்றார்கள். தோட்டத்துப் பெண் ஒப்பாரியை எடுத்தாள்.

நீ உசுரவிட்ட நாளையிலே – என்னப் பெத்த ஆத்தா
நான் கூட நெறையக் கொழுந்தெடுத்தேன்
நீ பாடையில போகையிலே – என்னப் பெத்த ஆத்தா
நான் பாட்டுச் சொல்லிச் சிரிச்சிருந்தேன்

அதற்கு மேல் நான் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். மெழுகு முடிந்ததற்கு வெள்ளைக்காரர் கையைக் காட்டியதை அவள் பார்க்கவில்லை. பாடிக்கொண்டே இருந்தாள். யாரும் நிறுத்தவில்லை.

மாதங்கள் கழித்து, அழுத்தி முடித்த தட்டுகள் பதுளைக்கு வந்தன. மைத்துனர் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டார். தாலாட்டைக் கேட்டுத் தலையாட்டினார். திருப்பிப் போட்டார். நாலு அடி ஓடியதும் ஊசியைத் தூக்கிவிட்டு, துணிக் கட்டுகள் இருந்த அறைக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது உறையைப் பற்றிப் பேசினார்.

எந்த உறை? முருகன் உறைக்குள் ஒப்பாரியை வைப்பது பாவம். சிவப்பு உறையில் வைத்தால் இளவட்டங்கள் வாங்கிக் கேலி பண்ணுவார்கள். நீல உறையை வாங்குகிறவர்கள் கேட்க மாட்டார்கள் என்றாலும், தப்பித் தவறிக் கேட்டுவிட்டால் திருப்பிக் கொண்டுவருவார்கள். கொழும்பு அச்சகத்துப் படக்காரர் தானாகவே ஒரு படம் எழுதி அனுப்பியிருந்தார். தலைமுடியை விரித்துப் போட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்த ஒரு பெண். கறுப்பு ஒரே நிறம். அன்றைக்குக் கடைக்கு வந்திருந்த அவளிடம் அதைக் காட்டினோம். பார்த்த உடனே, “இது நாந்தாங்க” என்றாள்.

மைத்துனர் படத்தைக் குப்புறக் கவிழ்த்தார்.

“தாயி, வெள்ளிக்கெழமை வெளக்கு வைக்கிற நேரத்துல தலைவிரி கோலமா ஒரு பொம்பளப் படத்த எந்த வீட்டுல உள்ள விடுவாங்க? கடையிலயே நான் தொங்கவிட முடியாது.”

“சாவுப் பாட்டுக்குச் சாவுப் படந்தானுங்க போடணும். வேற என்ன, மாப்பிள்ள படமா போடுவாங்க?”

“ஒம் பாட்டு ஒரு வீட்டுக்குள்ள போனாத்தானே காதுல விழும்? மொதல்ல உள்ள போவணும்.”

வெறும் பழுப்புக் காகிதத்தில் போட்டுவிடலாமே என்று நான் இடையில் சொன்னேன்.

“காகிதத்துல சுத்திக் குடுக்க இது என்ன வெங்காயமா, மாப்பிள்ளை?” என்றார் மைத்துனர்.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். யார் வீட்டுக்குள்ளும் தடையில்லாமல் போகக்கூடியது ஒன்றுதான்: லட்சுமி. தாமரையில் நிற்கிற லட்சுமி, இரண்டு பக்கமும் யானை, தங்க நிறத்தில் கரை. மேலே ‘தாலாட்டு’ என்று ஒரே ஒரு சொல். தாலாட்டும் உள்ளே இருக்கிறதல்லவா, பொய் இல்லையே. முன்பக்கம் ஓட்டை இல்லை. கெட்டி அட்டையில் அடித்தார். அவர் அடித்த உறைகளிலேயே அதுதான் அழகானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவளுக்குக் கொடுக்க வேண்டிய தட்டை அந்த உறையிலேயே போட்டுக் கொடுத்தார். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “படம் நல்லாத்தாங்க இருக்கு” என்று மட்டும் சொன்னாள். ஊருக்குப் புறப்பட்ட ஒரு கங்காணியிடம் கொடுத்து, எங்கே பெட்டி கிடைக்கும், எந்தப் பக்கத்தைப் போட வேண்டும், யார் யாரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

மைத்துனர் கணக்கு தப்பவில்லை. தீபாவளிச் சமயம், லட்சுமி உறை அடுக்கியதும் தெரியாமல் எடுத்ததும் தெரியாமல் போயிற்று. தோட்டங்களில் அதைப் பெட்டியில் போட்டவர்களும் இருந்தார்கள். ஸ்பிரிங்வெளியில் பெரிய கங்காணி வீட்டு முற்றத்தில், தாலாட்டு முடிந்து மறு பக்கம் ஓடியபோது, பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். கடலுக்கு அந்தப் பக்கம் யாரையாவது பறிகொடுக்காத வீடு எந்த லயத்திலும் கிடையாது. திரும்பப் போடு, திரும்பப் போடு என்று கேட்டிருக்கிறார்கள். அந்தத் தட்டுக்கு உரியவர்கள் அவர்கள்தான். அவர்களையும் அது தற்செயலாகத்தான் போய்ச் சேர்ந்தது.

பிறகு வெலிமடையில் ஒரு கலியாணம். காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம், எங்களுக்கு வேண்டியவர்கள். நானும் மனைவியும் போயிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேளக்காரர்கள் காப்பி குடிக்க எழுந்த நேரம். பந்தல் சும்மா இருக்கக் கூடாது என்று பெண்ணின் சித்தப்பா கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். முதல் தட்டு மங்களகரமாக இருக்க வேண்டும் என்று அடுக்கிலிருந்து லட்சுமியைத் தேர்ந்தெடுத்தார். உறைக்குக் குங்குமம் வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டை உருவினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்பு. சீட்டின் பொடி எழுத்தைப் படிக்காமல், மேலே வந்த பக்கத்தைப் போட்டார்.

“என்னப் பெத்த ஆத்தா” என்ற குரல் குழாயிலிருந்து வந்ததும் பந்தலில் யாரும் கிராமபோனைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். பெண்ணின் அத்தை, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டபடி சமையல்கட்டுக்கு ஓடினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து செருப்பைத் தேடினார். சித்தப்பா, ஊசியைத் தூக்கத் தோன்றாமல், தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துக் குழாய்க்குள் திணித்தார். ஒப்பாரி நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ அழுகிற மாதிரி கேட்டது. நான்தான் எழுந்து போய் ஊசியைத் தூக்கினேன். திரும்பி வந்தபோது என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். வெட்கத்தால் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

தண்ணீர் தெளித்து, ஐயரைக் கேட்டு, வேறு முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டினார்கள். கலியாணம் நின்றுவிடவில்லை. அந்தத் தம்பதி நன்றாகவே வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் லட்சுமியே வீட்டுக்குள் வந்து ஒப்பாரி வைத்தாள் என்ற பேச்சு வெலிமடைக் காய்கறி மூட்டைகளோடு எல்லாச் சந்தைக்கும் போயிற்று. பெண்ணின் அப்பா கடைக்கு வந்து, எதுவும் திட்டாமல், தட்டை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்தவர்களில் பாதிப் பேர் தட்டை ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்காமலே திருப்பியவர்கள். தோட்டங்களிலும் பயம் வந்துவிட்டது. கட்டிக்கொண்டு அழுத அதே லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும், தட்டைக் கொண்டுபோய் ஓடையில் போட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்த தட்டுகளை எல்லாம் ஏஜென்டு வழியாக உருக்க அனுப்பினோம். உருக்கிய அரக்கை வேறு பாட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். தட்டு உடைந்திருந்தாலும் பரவாயில்லை, உறையை மட்டும் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. அதனால் உறைகள் கடையிலேயே தங்கின. மைத்துனரும் கடைப் பையனும் தட்டுகளை வைக்கோலில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் படம் போட்டிருந்தால் இவை இவ்வளவு வீடுகளுக்குப் போயிருக்காது. சாவு வீட்டுக்காரர்கள் சிலர் மட்டும் தேடி வந்து வாங்கியிருப்பார்கள். அவர்களிடம் அது இருந்திருக்கும். நான் இதை மைத்துனரிடம் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

ஊருக்குப் போன கங்காணி அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு திரும்பினான். அவனோடு அவளும் கடைக்கு வந்தாள். அவன் சொன்னது இவ்வளவுதான். தட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. உறையைப் பார்த்ததும் அண்ணன் பெண்டாட்டி கையைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் வாங்கினாள். அன்றைக்கே சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் நிறுத்தி, விளக்கு ஏற்றிவிட்டார்கள். உள்ளே தட்டு இருக்கிறது, பெட்டிக்காரனைக் கூப்பிட்டு வாசலில் போட வேண்டும் என்று இவன் சொல்லாமலில்லை. அண்ணனும் ஒரு தடவை எடுக்கப் போனான். சூடம் காட்டிய லட்சுமியைப் பிரித்து ஒப்பாரி கேட்பதா, குடும்பம் விளங்குமா என்று பெண்கள் தடுத்துவிட்டார்கள். உறை பிரிக்கப்படவே இல்லை. அது வந்த பிறகு மாடு கன்று போட்டதாம். கிணற்றில் ஊற்று வந்ததாம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஊருல என்ன பேசுறாங்க?” என்றாள்.

கங்காணி தலையைச் சொறிந்தான். “மக கண்டிச் சீமையிலேருந்து சாமி படம் அனுப்பியிருக்கா, நல்லாச் சம்பாதிக்கிறா போலன்னு பேசுறாங்க.”

“அழுததப் பத்தி?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

மைத்துனர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கடையில் அந்தத் தட்டு ஒன்றுகூட இல்லை என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். ஏஜென்டுக்கு எழுதிக் கேட்கலாம், வெள்ளைக்காரர்கள் மறுபடி வரலாம், வந்தால் இன்னொரு தடவை பாடலாம் என்றார். எந்த அலுவலகத்திலும் கோப்பை மூடும்போது சொல்லும் வாசகங்கள்தான் அவை. எனக்கு அவற்றின் வரிசைகூடத் தெரியும்.

“ஒரு ஆத்தாளுக்கு எத்தன தடவைங்க அழுவறது?” என்றாள் அவள். சண்டையாகச் சொல்லவில்லை. அண்ணன் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருப்பதைக் கங்காணி அப்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். தம்பி தனிக்குடித்தனம் போகிறான், அவன் வீட்டுக்கும் இதே மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறான்.

மைத்துனர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடுக்கின் பக்கம் திரும்பி, அங்கே கட்டிக் கிடந்த லட்சுமி உறைகளைப் பார்த்தாள்.

“அதுல ஒன்னு குடுங்க மொதலாளி.”

“உள்ள ஒன்னுமில்லியே, தாயி.”

“அவங்க உள்ள பாக்கவா போறாங்க.”

மைத்துனர் கட்டை அவிழ்த்து, மேலே இருந்ததை விட்டுவிட்டு நடுவிலிருந்து கசங்காத ஒன்றை எடுத்துத் துடைத்தார். வளையாமல் போய்ச் சேர வேண்டும் என்று உள்ளே ஓர் அட்டையை வெட்டி வைத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கொடுக்கச் சொல்லிக் கங்காணியிடம் நீட்டினாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் தோட்டம் போய்ச் சேர வேண்டும் என்று படியிறங்கினாள்.

அதற்கடுத்த வருடம் கேட்காமலே அவளுக்கு லீவு கிடைத்தது. ஊருக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். லயங்களில் சாவு விழுந்தால் தொடர்ந்து அவளைத்தான் கூப்பிட்டார்கள். போனாள், அழுதாள். தன் தாய்க்கு எடுத்த அந்த அடிகளை மட்டும் அவள் வேறு எந்தச் சாவு வீட்டிலும் எடுக்கவில்லை. என் மனைவி இருந்தவரை அவற்றில் இரண்டு அடி அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு நாலு அடி. மிச்சத்தை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.